சீதனமாய் வந்த ஸ்போர்ட்ஸ் கார்

எனக்குச் சம்பந்தம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்டார்கள். யாழ்ப்பாண நகரில் விற்பனைக்கு நின்ற, பாவித்த கார்கள் இரண்டை அப்பா காட்டினார். இரண்டும் ஒரே ஜப்பான் கம்பனியின் இரண்டு கதவுக் கார்கள். ஒன்று சாதாரணம். மற்றது ஸ்போர்ட்ஸ், பக்கத்தில் சிவப்புக் கோடு, வேகத்துக்கென்றே செய்த எஞ்சின்.

"ரெண்டும் ஒரே கார்தானே தம்பி, சாதாரணம் காணும்" என்றார் அப்பா.

"குடுக்கிறதை வடிவாக் குடுங்கோ மாமா" என்றார் மாப்பிள்ளை. அப்பா தோட்டக் காணியில் ஒரு துண்டை விற்றார். சாதாரணக் காரை எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளியிருந்த செல்லையா அண்ணை வாடகைக்கு ஓட வாங்கினார்.

பிறகு யுத்தம் வந்தது, யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லை. துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடினார்கள். செல்லையா அண்ணையின் காரும் புகை கக்கியபடி ஓடியது. எங்கள் ஸ்போர்ட்ஸ் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஒத்துவரவில்லை, இருமிவிட்டு நின்றுவிடும்.

ஒரு காலை அப்பாவுக்கு வாய் கோணி, கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என் கணவர் ஸ்போர்ட்ஸ் காரோடு மல்லுக்கட்டினார்.

"பொறும், இன்னும் ஒருக்கா அடிச்சுப் பாப்பம், பிடிக்கும்."

கடைசியில் நான்தான் ஓடிப்போய் செல்லையா அண்ணையைக் கூட்டி வந்தேன். "கொஞ்சம் முந்திக் கொண்டந்திருக்கலாம்" என்றார் டொக்டர். அப்பாவின் வலப்பக்கம் இன்றுவரை அசையவில்லை.

இப்போது தங்கைக்குச் சம்பந்தம் பேசுகிறோம். கார் என்று வாய் திறப்பவர்களை முதலில் வீட்டுப் பின்வளவுக்குக் கூட்டிப்போகிறேன். அந்த ஸ்போர்ட்ஸ் காருக்குள்தான் கோழி அடைக்கிறோம்.

"வேணுமெண்டால் இப்பவே கொண்டுபோங்கோ, கோழியையும் சேர்த்துத் தாறன்" என்பேன்.

வீட்டுக்குள் இருக்கும் இவருக்கும் கேட்கட்டும் என்று, சத்தமாகவே சொல்வேன்.

- ஒரு வாசகி, பருத்தித்துறை