நெல்லைச் சுற்றிப் போன சைக்கிள்

இதை எழுதலாமா விடலாமா என்று பல வருடம் தயங்கினேன். பேனையை எடுப்பேன், மச்சானின் முகம் முன்னே வரும், வைத்துவிடுவேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பிள்ளையார் பொறுக்கட்டும்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம். ரோட்டு கிறவல் மண்ணாகக் கிடந்த காலத்தில் நடப்பவர்களும் சைக்கிள்காரரும்தான் அதில் அதிகம். பிறகு காப்பெட் என்று வழுவழுப்பாகத் தார் போட்டார்கள். தேங்காய் உடைத்துச் சந்தோஷப்பட்டோம். மணல் டிப்பர்கள் பறக்கத் தொடங்கின. நடக்கிற சனத்துக்கென்று ஒரு முழ இடம்கூட யாரும் விடவில்லை. தார் முடிகிற இடத்தில் பள்ளம். இருந்த கொஞ்ச ஓரத்தையும் அறுவடைக் காலத்தில் நாங்களே எடுத்துக்கொண்டோம். மெசின் வெட்டித் தருகிற நெல் ஈரம். காயப்போட வேறு இடம் இல்லை. தார் நன்றாகச் சுடும். ஒரு மரக்கொப்பை அடையாளத்துக்கு வைத்துவிட்டுப் பாதி ரோட்டில் நெல்லைப் பரப்பிவிடுவோம். காயவைப்பவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் கிளறலாம், அது வேலை. போகிறவர் சைக்கிள் சில்லை ஏற்றினால்தான் பாவம்.

மனைவி பக்கத்து ஊரில் பாலர் பாடசாலை டீச்சர். அன்று காலை அவள் சைக்கிளில் முன்னால் போக, மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு நானும் பின்னால் என் சைக்கிளில் போனேன். மச்சான் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றார்.

“டீச்சரம்மா! என்ர நெல்லில சில்லு பட்டா ஒங்கட புரியன்தான் வந்து கூட்டி அள்ளணும், சொல்லிப்போட்டன்!”

“ரோட்ட ஒங்களுக்கு ஆரு சீதனம் தந்த? நாங்க என்ன ஆத்துக்குள்ளால போறதா, அண்ண?”

சிரித்துக்கொண்டே நெல்லைச் சுற்றி நடு ரோட்டுக்கு வந்தாள். எனக்குப் பின்னாலிருந்து டிப்பர் ஹோர்ன் அடித்தது.

“புள்ள, நெல்லுக்கு மேல ஏறு! ஏறு!” என்று கத்தினேன்.

அவளுக்குக் கேட்டது. சைக்கிள் கைப்பிடி நெல் பக்கம் திரும்பியது. பிறகு நேரானது. லட்சுமியாகக் கும்பிடுகிற நெல்லின் மேல் சில்லு ஏற்ற அவளுக்கு மனம் வரவில்லை. டிப்பர் அவளைத் தூக்கி எறிந்தது நெல்லின் மேலேதான். ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரம்கூட எங்களுக்கு வாய்க்கவில்லை.

செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். கோயில் வெளிவீதியில் நெல் காயட்டும், ரோட்டோரத்தை நடக்கிற சனத்துக்கும் சைக்கிளுக்கும் விடுங்கள் என்றேன்.

“சாமி சுத்துற வீதியில நெல்லக் கொட்டுறதா? என்னகா கதை இது?” என்றார் ஒருவர்.

“லட்சுமிய மிதிக்காமப் போன புண்ணியவதி அவ. நேராச் சொர்க்கம்தான்” என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்தது.

அடுத்த அறுவடைக்கு மச்சான் என் வாசலில் வந்து நின்றார். “மச்சான், ஒங்கட வளவில காயப்போடட்டா?” அன்றிலிருந்து அவர் நெல் என் முற்றத்தில். மற்றவர்களுடையது இன்றும் ரோட்டில். இதை எழுதப்போகிறேன் என்று போன மாதம் அவரிடம் சொன்னேன். நிமிராமல் கிளறிக்கொண்டே, “எழுதுறெண்டா, என்ர நெல்லெண்டும் எழுதுங்க” என்றார்.

இப்போது மகள் அதே ரோட்டால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். வேறு வழி இல்லை. வாசல் படலையடியில் நின்று சொன்னேன்: “டிப்பர் வந்தா நெல்லுக்கு மேல ஏறு மகள்.”

“பாவமில்லையாப்பா?”

“இல்ல.”

நிறைகுடத்துக்குக் கீழே நெல் பரப்பிக் கும்பிடுகிற நான்தான் அதைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஏறுவாளா என்று தெரியாது. பின்னேரம் அவள் சைக்கிள் மணிச் சத்தம் கேட்கும்வரை பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன்.

வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது புண்ணியவதி என்று சேர்க்க வேண்டாம், விதி என்றும் சேர்க்க வேண்டாம். ஓரம் இல்லாத ரோட்டில் எங்கள் நெல்லைச் சுற்றிப் போனாள், செத்தாள். இப்படியே சொல்லுங்கள். மாசி அறுவடைக்கு முந்திச் சொல்லுங்கள்.