சத்தம் ஜாஸ்தி, விஷயம் கம்மி

2008-ஆம் வருடம் நடந்தது இது. அப்போது நாங்கள் ஹைதராபாத்தில், ராமச்சந்திராபுரத்தில் குடியிருந்தோம். என் மாமனார் அங்கிருக்கும் பெரிய தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டார். அத்தை, அதாவது என் மாமியார், இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நானும் என் கணவரும் மாதாப்பூரில் ஆளுக்கொரு ஐ.டி. கம்பெனியில் மாரடித்துக்கொண்டிருந்தோம். மகள் நாலாம் வகுப்பு. வீட்டில் மொத்தமே நாலு பேர்தான்.

வாரம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரமில்லாத குடும்பம் அது. அதனால் சனி, ஞாயிறு மதியம் படம் பார்ப்பது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். செகந்திராபாத்தில் தமிழ் டிவிடி வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே போய் இரண்டு எடுத்து வருவேன். சனிக்கிழமை பழசு, அது மாமாவின் விருப்பம். ஞாயிற்றுக்கிழமை புதுசு, அது எங்கள் விருப்பம். சாப்பாடு முடிந்து, உஸ்மானியா பிஸ்கட் டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவோம். மாமா மட்டும் தன் பிரம்பு நாற்காலியை டிவிக்கு மூன்றடி தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். பாதித் திரையை அவர் தலை மறைக்கும். "கண்ணு சரியில்லம்மா" என்பார். கண்ணாடி மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லையே என்று மனதுக்குள் சலித்துக்கொள்வேன்.

பழைய படம் என்றால் மாமா வேறு ஆள். நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே வசனத்தை முணுமுணுப்பார். ஒரு வார்த்தை பிசகாது. புதுப்படம் ஓடினாலோ முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. முடிந்ததும் "எப்படி மாமா?" என்று கேட்டால் ஒரே தீர்ப்புதான் வரும்.

"சத்தம் ஜாஸ்தி, விஷயம் கம்மி."

கொஞ்சம் நல்ல மனநிலையில் இருந்தால், "ரெண்டாவது பாதி இழுவை" என்று சேர்த்துக்கொள்வார். காமெடிப் படமோ, கண்ணீர்ப் படமோ, பேய்ப் படமோ, எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்பு.

அப்போதெல்லாம் ஆபீஸில் பாதிப் பேர் இன்டர்நெட்டில் பிளாக் எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் புனைபெயரில் ஒன்று வைத்திருந்தேன். திங்கட்கிழமை மதிய உணவு இடைவேளையில், வீட்டில் பார்த்த படங்களைப் பற்றிக் கதை கொஞ்சம், கருத்து கொஞ்சம் என்று எழுதுவேன். முதல் சில மாதம் ஈ ஓட்டினேன். ஒரு நாள் விளையாட்டாக, கட்டுரையின் கடைசியில் 'மாமா கோர்ட்' என்று ஒரு பகுதி சேர்த்தேன். படம் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. கனம் நீதிபதி பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். வாதம், பிரதிவாதம் எதுவும் அவர் காதில் ஏறாது. கடைசியில் அதே தீர்ப்பு, அதே தண்டனை.

'காதில் ஏறாது' என்று நானேதான் எழுதினேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்தப் பகுதி பிய்த்துக்கொண்டு ஓடியது. 'இந்த வாரம் நீதிபதி என்ன சொன்னார்?' என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் கேட்டார்கள். என் ஆபீஸில் தமிழ் பேசும் கூட்டம் மாமாவின் தீர்ப்பைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவுக்கு இன்டர்நெட் பழக்கம் கிடையாது, அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்ற தைரியத்தில் வாராவாரம் நீதிபதியை இன்னும் கொஞ்சம் கோமாளியாக்கினேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு புது காமெடிப் படம் போட்டோம். என் மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் நாங்கள் பேசும் தமிழ் புரியும், பதில் தெலுங்கில் வரும். சினிமாத் தமிழின் வேகம் அவளுக்குப் பிடிபடாது. "சப்டைட்டில் பெட்டு மம்மி" என்று, அதைப் போடச் சொல்லிப் படுத்தினாள். தமிழ்ப் படத்துக்கு ஆங்கில எழுத்தா என்று அலுத்துக்கொண்டே ரிமோட்டைத் தட்டினேன். கீழே எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

பத்து நிமிடம் போயிருக்கும். மாமா சிரித்தார்.

வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி சிரித்தார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நகைச்சுவை நடிகர் வசனத்தைச் சொல்லி முடித்தபின் நாங்கள் சிரித்தோம். மாமா அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சிரித்துவிட்டார். படமோ புதுசு, மனப்பாடமாக இருக்க வழியே இல்லை.

பாதிப் படத்தில் என் கணவர், "எழுத்து கண்ணை உறுத்துது, எடுத்துடலாமா?" என்று ரிமோட்டை எடுத்தார்.

மாமா சட்டென்று திரும்பினார். "நக்கோடா, வேணாம். இருக்கட்டும். குழந்தை பார்க்குது இல்ல?" என்றார். எது வேண்டும், எது வேண்டாம் என்று வாய் திறக்காத மனிதர் அவர். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டார். குழந்தையோ அதற்குள் தூங்கியே போயிருந்தது.

படம் முடிந்து டீ குடிக்கும்போது வழக்கமான தீர்ப்புக்காகக் காத்திருந்தேன். அன்று அவர் சொன்னது வேறு. "அந்தத் தங்கச்சி ஏன் கடைசி வரைக்கும் அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லல? ஒரு போன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்குமே. அங்கதாம்மா கதை ஓட்டையாயிடுச்சு" என்றார். இவ்வளவு நுணுக்கமாக ஒரு படத்தைப் பற்றி நானே எழுதியதில்லை.

அடுத்த வாரம் எடுத்த டிவிடியில் சப்டைட்டில் இல்லை. பழையபடி முகம் கல்லாகிவிட்டது. தீர்ப்பும் அதேதான்.

எனக்குள் ஏதோ நெருடியது. மறுநாள் சாயங்காலம் அவர் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று சாதாரணமாக, "மாமா, காபி" என்றேன். பேப்பர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. முன்னால் போய் நின்றதும் நிமிர்ந்து, "ஆங், வாம்மா" என்று என் உதட்டைப் பார்த்தார். கண்ணை அல்ல, உதட்டைப் பார்த்தார். இத்தனை நாளும் அப்படித்தான் பார்த்திருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை.

காபியைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். அத்தை ஞாபகம் வந்தது. அத்தைக்குப் பெரிய குரல். படம் ஓடும்போது, "பாருங்க, அவன் ஊருக்குப் போறேங்கறான். அவ வேணாங்கறா" என்று வசனத்தையெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம். 'அம்மா, எங்களுக்கும் காது இருக்கு' என்று என் கணவர் எரிந்து விழுந்திருக்கிறார். அத்தை அதை எங்களுக்காகச் சொல்லவில்லை. அவர் இருந்த காலத்தில் மாமா புதுப்படங்களையும் ரசித்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

என் கணவரிடம் சொன்னேன். நம்ப மாட்டார் என்று நினைத்தேன். அவரோ உடனே, டாக்டரிடம் காட்டலாம் என்றார். மாமாவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னதும் முதலில் கோபப்பட்டார். பிறகு, "என் பீரோவுல கம்பெனி ஆஸ்பத்திரி மெடிக்கல் புக் இருக்கு, எடுத்துக்க" என்றார். அதுவே பெரிய சம்மதம்.

பீரோவைத் திறந்தேன். மெடிக்கல் புக்குக்கு அடியில் ஒரு ஆபீஸ் ஃபைல் இருந்தது. எடுக்கும்போது சரிந்து விழுந்து விரிந்தது. மேலே இருந்த தாளில் 'மாமா கோர்ட்' என்று என் தலைப்பு.

வாராவாரம் நான் எழுதியது அத்தனையும் பிரிண்ட் எடுத்து, துளை போட்டு, வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். எப்படிக் கிடைத்தது என்பது பின்னால் தெரிந்தது. அவரோடு வேலை பார்த்த ஒருவருடைய மகன் என் ஆபீஸில்தான் இருந்தான். அவன் வழியாக நண்பருக்குத் தெரிந்து, நண்பர் பிரிண்ட் எடுத்து வாக்கிங் போகும்போது கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கேலி, கிண்டல் எல்லாவற்றையும் அவர் படித்திருக்கிறார். படித்துவிட்டு அடுத்த ஞாயிறும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து புரட்டினேன். மாமா தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவர். ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமுமாக இருக்கும் பென்சில் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். சரியாக இருந்தால் நீல டிக், சந்தேகம் இருந்தால் சிவப்புக் குறி. என் கட்டுரைகளிலும் அதே பென்சில் ஓடியிருந்தது. அவரைக் கேலி செய்த இடங்களில் ஒரு கோடுகூட இல்லை. நான் கதை சொல்லும் பத்திகளில்தான் வரிக்கு வரி நீல டிக். 'அண்ணன் சிறைக்குப் போகிறான்' டிக். 'அவள் வேறு ஊருக்கு மாற்றல் வாங்குகிறாள்' டிக். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு உட்கார்ந்து பார்த்த படத்தின் கதையை, அந்த வாரத்திலேயே என் கட்டுரையைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொண்டிருக்கிறார்.

படத்தைப் பற்றி எழுதுபவர்கள் முடிவைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பிளாக் உலகத்தில் ஒரு மரியாதை. நானும் ஒவ்வொரு கதையையும் பாதியில் நிறுத்தி, 'மீதியை டிவிடியில் பாருங்கள்' என்று எழுதுவேன். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு தாளிலும் ஒரு சிவப்புக் கேள்விக்குறி இருந்தது. சில இடத்தில் பொடி எழுத்தில், 'பிறகு?' என்று.

அழுதேன். நன்றாகவே அழுதேன்.

நிழல் தெரிந்து நிமிர்ந்தால், வாசலில் மாமா. ஃபைலையும் என் முகத்தையும் பார்த்தார். "ஏன் மாமா சொல்லல?" என்று மட்டும் கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து கேட்டேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "சொன்னா நீ வெக்கப்பட்டுக்கிட்டு எழுதுறதை நிறுத்திடுவ. அப்புறம் எனக்குக் கதை யாரு சொல்லுவா?" என்றார்.

டாக்டர் பரிசோதித்துப் பார்த்தார். மேளமும் வெடியும் பாட்டும் மாமாவுக்குக் கேட்கிறதாம், பேச்சுதான் அதில் அமுங்கிப்போகிறதாம். ஆக, சத்தம் ஜாஸ்தி, விஷயம் கம்மி என்று அவர் சொன்னது பெருசுகளின் புலம்பல் இல்லை. அவருக்கு நேர்ந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். தொழிற்சாலை இரைச்சலில்தான் காது போயிருக்க வேண்டும், வேலைக் காலத்தில் கொடுத்த காதடைப்பானைப் போட்டாரா என்று டாக்டர் கேட்டதற்கு, "மேஜை டிராயர்ல பத்திரமா வச்சிருந்தேன்" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். திரும்பும்போது ஆட்டோவில் என் பக்கம் திரும்பி, "அந்தக் காலத்துப் படத்துல எல்லாரும் நம்மைப் பார்த்துப் பேசுவாங்கம்மா. இப்ப முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசுறாங்க. உதட்டைப் பார்க்க முடியல" என்றார். பழசு, புதுசு பற்றி எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். இதை யாரும் சொன்னதில்லை.

காது மெஷின் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் படம் போடவில்லை. மாமாவின் நாற்காலியை டிவியிலிருந்து திருப்பி, எதிரே நான் உட்கார்ந்தேன். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு முதல் தாளிலிருந்து ஆரம்பித்தேன். சிறைக்குப் போன அண்ணன் திரும்பி வந்தானா, மாற்றல் வாங்கிப் போனவள் யாரைக் கல்யாணம் செய்துகொண்டாள், பேய் நிஜமா பொய்யா என்று ஒவ்வொரு முடிவாக, மெதுவாக, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். என் மகள் தாத்தாவின் கால் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சில முடிவுகளுக்கு அவர் சிரித்தார். சிலதற்கு, "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று அலுத்துக்கொண்டார். ஒவ்வொன்று முடிந்ததும் ஃபைலை வாங்கி, சிவப்புக் கேள்விக்குறியின் மேல் நீல டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். சாயங்காலம் ஐந்தரை ஆகிவிட்டது எல்லாம் முடிய.

'மாமா கோர்ட்'டை அத்தோடு கலைத்துவிட்டேன். வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை. பிளாகில் எப்படி எழுதினாலும், அவருக்கென்று எடுத்த பிரிண்டில் முடிவையும் சேர்த்தே எழுதினேன்.

இன்றும் யாராவது ஒரு படத்தைப் பற்றியோ, மனிதரைப் பற்றியோ எப்போதும் ஒரே பதிலைச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை; எதிரே போய் உட்கார்ந்து, இவருக்கு எது போய்ச் சேரவில்லை என்று முதலில் பார்க்கத் தோன்றுகிறது.