மரகதம் அக்காவின் சத்தமில்லாத கார்

மர்பி டவுனில் எங்கள் வரிசையில் கார் வைத்திருந்தது மரகதம் அக்கா ஒருவர்தான். பெரிய கார் என்று நினைக்க வேண்டாம். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சாப்பாட்டுக் கேரியர்களை அடுக்கலாம். அதற்குப் பெட்ரோல் தேவையில்லை. சமையலறை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து இரவு முழுக்கச் சார்ஜ் போட்டால் காலையில் ஓடும். பேட்டரி பழசு என்பதால் வேகமும் கிடையாது. இந்திரா நகரில் அவர் சமையல் வேலை செய்த வீட்டு அம்மா வெளிநாடு போகும்போது, யாரும் வாங்க வராத அந்த வண்டியை அவருக்கே கொடுத்துவிட்டார். அக்கா ஓட்டப் பழகிக்கொண்டு, தொம்மலூர் ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனார்.

ஆட்டோ ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். "இன்னாக்கா, சாவி முறுக்கி வுட்டா ஓடுமா, இல்ல தள்ளணுமா?"

"முன்னால வந்து நில்லு, தெரியும்" என்பார் அக்கா.

அவருக்கு இடது காது கேட்காது. கணவர் சுந்தரமூர்த்தி அறைந்ததில் போன காது. அவர் சாகும்வரை அக்கா அடி வாங்கினார். மகள் பாமாவுக்கும் அதே மாதிரிதான் அமைந்தது. மருமகன் முகேஷ் அடுகோடியில் லேத் பட்டறையில் வேலை செய்தான். யாரோடு சண்டை வந்தாலும் ஆளை அடிப்பதோடு விடமாட்டான். இன்ஜின் கெட்டுப் போகட்டும் என்று அந்த ஆள் வண்டியின் பெட்ரோல் டேங்கில் சர்க்கரையைக் கொட்டிவிட்டு வந்து, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். முன்பு ஒருமுறை பாமாவைக் கூட்டிவர அக்கா ஆட்டோவில் போனார். முகேஷ் ஆட்டோக்காரரை இழுத்துப் போட்டு மிதித்தான். அவர் தப்பித்தால் போதும் என்று ஓடிவிட்டார். பாமா அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று.

அது 2004. தொம்மலூரில் கேரியர்களை இறக்கிக்கொண்டிருந்தபோது அக்காவின் செல்லுக்கு அடுகோடியிலிருந்து பாமாவின் பக்கத்து வீட்டுக்காரி பேசினாள். "சீக்கிரம் வாங்க. உங்க பொண்ணை இன்னிக்கி கொன்னே போட்டுடுவான்." அக்கா காலி கேரியர்களோடு அப்படியே வண்டியைத் திருப்பினார். பேட்டரி முள் பாதிக்குக் கீழே இருந்தது.

சந்து குறுகலானது. அந்தச் சின்ன வண்டி வீட்டு வாசல்வரை போனது. முகேஷ் குடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க அத்தே. பொம்மை கார்ல ஊர்வலமா?"

"எங்கடா அவ?"

"புருஷன் பொண்டாட்டி விஷயம். நீ கெளம்பு."

அக்கா அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பாமா அடுப்பு மேடைக்குக் கீழே சுருண்டு கிடந்தாள். நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம். ஒரு கை முழங்கைக்குக் கீழே வளைந்து தொங்கியது. அக்கா குனிந்ததும் முகேஷ் பின்னாலிருந்து அவர் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். அக்கா கைக்கு எட்டிய குழவியை எடுத்து வீசினார். அது அவன் புருவத்தைக் கிழித்தது.

அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அலமாரியிலிருந்த சர்க்கரை டின்னை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வண்டியின் பக்கத்தில் இருந்த சின்ன மூடியைப் பிய்த்துத் திறந்தான். உள்ளே எட்டிப் பார்க்காமலே டின்னைக் கவிழ்த்தான்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு பாக்கலாம். சத்தம் கேட்டதும் வரேன். ரெண்டு பேரையும் இங்கியே புதைக்கிறேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்னால் முகம் கழுவப் போனான். அவன் சர்க்கரை கொட்டியது சார்ஜ் ஒயர் மாட்டும் ஓட்டையில். வண்டி ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அக்கா மகளைத் தூக்கி முன் சீட்டில் போட்டார். சாவியைத் திருப்பினார். வண்டி நகர்ந்தது. எந்தச் சத்தமும் இல்லை. சந்தில் நின்ற பெண்கள் பார்த்தார்கள், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. முகேஷ் இன்ஜின் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு குழாயடியிலேயே நின்றிருந்தான்.

சந்தை அடைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி நின்றது. அது விலகுவதற்குள், வாசலுக்கு வந்து பார்த்த முகேஷ் இரும்பு ராடோடு ஓடிவந்துவிட்டான். முதல் அடியில் பின்கண்ணாடி நொறுங்கி, சில்லுகள் பாமாவின் கழுத்தில் குத்தின. அடுத்த அடி கதவில் விழுந்தது. கதவு தகரமல்ல, பிளாஸ்டிக். உள்ளே போய்த் திரும்ப வெளியே வந்தது. அதைப் பார்த்து அவனுக்கு வெறி இன்னும் ஏறியது. லாரி நகர்ந்ததும் வண்டிக்கு முன்னால் போய், ராடை ஓங்கிக்கொண்டு காலை அகட்டி நின்றான்.

"ஏத்துடி! இந்த டப்பா என்ன பண்ணிடும்?"

"அம்மா, நிறுத்தாத" என்றாள் பாமா.

அக்கா நிறுத்தவில்லை. வண்டி நடக்கும் வேகத்தில்தான் போனது. ராட் முன்கண்ணாடியில் இறங்கியது. வண்டி அவன் முழங்காலை முட்டி, சாய்த்து, அவன் வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டதாகப் பாமா சொன்னாள். அக்காவுக்கு அது கேட்கவில்லை. அவர் விரிசல் விழுந்த கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பஸ்களும் லாரிகளும் ஹாரன் அடிக்க, ஓரமாகவே ஓட்டிப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி தானாக நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

போலீசில் இரண்டு பக்கப் புகாரையும் எழுதிக்கொண்டார்கள். பாமாவின் கை கூடியது, ஆனால் நேராகவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வரிசையில் நிறுத்தியபோது, அந்த ஓட்டையில் எறும்பு மொய்த்திருந்தது. எலக்ட்ரீசியன் சில்வெஸ்டர் அந்தச் சாக்கெட்டையே கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டினார்.

சில மாதங்கள் கழித்து முகேஷ் கட்சிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்தான். "எம் பொண்டாட்டிய அனுப்புங்க" என்று தெருவில் நின்று கத்தினான். கட்சிக்காரர், "சமாதானமா பேசி முடிச்சிக்கலாம்மா" என்றார். அக்கா வெளியே வந்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

அவர் சாவியைத் திருப்பினாரா இல்லையா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. முகேஷுக்கும் தெரிந்திருக்காது. அவன் காரின் முன்சக்கரத்தையே பார்த்தான். பிறகு கட்சிக்காரரை விட்டுவிட்டு, ரோட்டுப் பக்கம் நொண்டிக்கொண்டே ஓடினான். பாமா வாசலில் நின்று அவன் போவதைப் பார்த்தாள்.