சிபியாளின் காதுத் துளை

ராஜாவைத் திட்டுவது எங்களுக்கு இப்போது ரொம்பச் சுலபம். சிறைப்பட்டு வந்து பாபிலோனில் வாய்க்கால் வெட்டுகிற ஒவ்வொரு யூதாக்காரனும் மண்வெட்டியை ஊன்றி மூச்சு வாங்கும்போது அதைத்தான் செய்கிறான். எங்கள் ராஜா கண்ணிழந்து சிறையில் கிடக்கிறார். அவர் வந்து பதில் சொல்லப் போவதில்லை. நான் சிபியாளைப் பற்றிச் சொல்ல வந்தேன். அவளுக்கு நேர்ந்ததில் ராஜாவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு எனக்கும் உண்டு.

எருசலேமில், அப்பம் சுடுகிறவர்களின் தெருவில், என் அடுப்புக்கு அடுத்தது பெலத்தியாவின் கடை. நான் விதவை, ஒற்றை அடுப்புக்காரி. அவனுக்கு மூன்று அடுப்பு, நான்கு திரிகை, அரைப்பதற்கு அடிமையாக ஒரு பெண். அவள்தான் சிபியாள். தெக்கோவா ஊர்க்காரி. ஒரு பஞ்ச வருஷத்தில் ஆனான் என்கிற அவள் தகப்பன் அரை மூட்டை வாற்கோதுமையை வாங்கிக்கொண்டு அவளை அங்கே விட்டுப் போனான். ஆறு வருஷம் உழைத்தால் ஏழாவது வருஷம் விடுதலை என்பது மோசே காலத்துச் சட்டம். அவள் பதினொரு வருஷம் அரைத்தாள். கேட்டபோதெல்லாம் அறுப்பு முடியட்டும், பண்டிகை முடியட்டும் என்று பெலத்தியா தள்ளிப்போட்டான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அடிக்க மாட்டான், பட்டினி போட மாட்டான், விடவும் மாட்டான். தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான். அதனால் எங்கள் யார் கண்ணுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அவளுக்கு வாய்த்துடுக்கு அதிகம். திரிகைக்கல் தேய்ந்துவிட்டதா என்று நான் ஒருநாள் கேட்டபோது, "கல்லு நல்லாத்தான் இருக்கு அக்கா, நான்தான் தேஞ்சுட்டேன்" என்றாள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு மாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாபிலோன் படையான கல்தேயர் ஊர் மதிலைச் சுற்றி வளைத்துக்கொண்டபோது ராஜாவுக்குப் பயம் பிடித்தது. பயம் வந்தால்தான் எங்கள் ஆட்களுக்குச் சட்டம் ஞாபகத்துக்கு வரும். அடிமைகள் எல்லோரையும் விட்டுவிடுவதென்று ஆலயத்தில் உடன்படிக்கை நடந்தது. ஒரு கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். பிரபுக்கள் முதல் அப்பக்காரர் வரைக்கும், அடிமை வைத்திருந்த எல்லோரும் அந்த இரண்டு துண்டுகளுக்கு நடுவே நடந்தார்கள். வாக்கு மீறினால் இந்தக் கன்றின் கதி எனக்கு வரட்டும் என்று அர்த்தம். பெலத்தியாவும் நடந்தான். அங்கியின் ஓரத்தில் இரத்தக்கறையோடு வீட்டுக்கு வந்து, அதைக் கழற்றிச் சிபியாளிடம் துவைக்கக் கொடுத்தான். துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் அவள் வெளியேறினாள்.

மதிலோரம் ஆளில்லாத இடிந்த அறை ஒன்றில் குடியேறினாள். இடிபாட்டு மண்ணைக் குழைத்துத் தானே ஓர் அடுப்பு போட்டாள். யார் ஒரு பிடி மாவு கொண்டுபோனாலும் சுட்டுக் கொடுத்து, ஒரு துண்டு பிட்டு எடுத்துக்கொள்வாள். மூன்றாம் நாள் என்னிடம் ஓடிவந்து, சூரியன் மேலே ஏறுகிறவரைக்கும் தூங்கினேன் என்று கல்யாண விருந்து சாப்பிட்டவள் மாதிரிப் பெருமையடித்தாள். யாராவது பழக்கத்தில் "பெலத்தியா வீட்டுப் பொண்ணே" என்று கூப்பிட்டால் காது கேளாதவள் போல நடப்பாள்.

"ஆனான் மக சிபியாள்னு கூப்பிடுங்க, திரும்புறேன்."

ஊர் வாசல் திறந்ததும் தெக்கோவாவுக்குப் போய், தகப்பன் இருக்கிறானா செத்தானா என்று பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை.

வாசல் திறக்கத்தான் செய்தது. எகிப்து ராஜா பார்வோனின் படை வருகிறதென்று கேள்விப்பட்டுக் கல்தேயர் கூடாரங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஊரே ஆடியது. அந்த ஆட்டம் அடங்குவதற்குள் பிரபுக்கள் ஆள் அனுப்பித் தங்கள் அடிமைகளைத் திரும்பப் பிடித்தார்கள். எல்லோரும் அரண்மனையைப் பார்த்தோம். ராஜா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் சொல்லவில்லை. பிரபுக்களிடம் அவருக்குப் பயமாம். காலையில் அங்கே அவர் வாய் மூடியது, மத்தியானத்துக்குள் எங்கள் தெருவுக்கே தைரியம் கொடுத்துவிட்டது. ராஜாவே சும்மா இருக்கும்போது தனக்கென்ன என்று பெலத்தியா கிளம்பினான். மூட்டையோடு வாசலைத் தாண்டப் போனவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

ஆனாலும் அந்தக் கன்றின் இரத்தத்தை அவன் மறக்கவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். எஜமானையும் அவன் வீட்டையும் நேசிக்கிறேன், போக மாட்டேன் என்று அடிமை தானாகச் சொன்னால், சாட்சிகளுக்கு முன் அவள் காதைக் கதவோடு வைத்துக் குத்தூசியால் குத்துவது எங்கள் வழக்கம். அதன்பின் அவள் சாகும்வரை அந்த வீட்டு ஆள். அவளே அப்படிச் சொல்லிவிட்டால் தான் வாக்கு மீறியவன் ஆக மாட்டேன் என்பது அவன் கணக்கு. சாட்சிக்குத் தன் தம்பியையும் என்னையும் கூப்பிட்டான்.

"யெதிதாக்கா, நீங்க சொன்னா அவ கேப்பா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அடுப்புக்கும் மாவு என்கிட்டருந்துதானே வருது" என்றான்.

அவளைக் கதவருகே நிறுத்தினார்கள். பெலத்தியா குத்தூசியைக் கையில் எடுத்தான். ஒரே ஒரு வார்த்தைதான், சொல்லிவிடு என்று கெஞ்சினான்.

சிபியாள் அவசரப்படவில்லை. "வெட்டுன கன்னுக்கு நடுவுல நடந்து நீங்க ஒண்ணு சொன்னீங்க. அதுவே நிக்கல. நான் சும்மா நின்னு சொல்றத வச்சு என்ன பண்ணப் போறீங்க ஐயா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க கேட்டுக்கோங்க. போறேன்னுதான் நான் சொன்னேன்."

அவன் அவள் காதைக் கதவில் அழுத்திக் குத்திவிட்டான். அவள் அழவில்லை. அவள் சம்மதித்ததைக் கேட்டீர்களா என்று எங்களிடம் கேட்டான். அவன் தம்பி "கேட்டேன்" என்றான். நான் மாவை நினைத்தேன். முற்றுகையில் வற்றிப்போன என் அடுப்பை நினைத்தேன்.

"கேட்டேன்" என்றேன்.

சிபியாள் என்னை ஒரு தரம் பார்த்தாள். உள்ளே போய்த் திரிகையின் முன் உட்கார்ந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு அன்று சாயங்காலம் அப்பமும் சுட்டேன்.

கல்தேயர் திரும்பி வந்தார்கள். அதன்பின் பசிதான். அரைக்க எதுவுமில்லாமல் திரிகைகள் தூசி படிந்து கிடந்தன. கடைசியில் மதில் உடைந்தது.

பிடிபட்டவர்களை வாசலுக்கு வெளியே வரிசையில் நிறுத்திப் பிரித்தார்கள். வீடும் தொழிலும் வைத்திருந்தவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் பாபிலோனுக்கு. ஒன்றுமே இல்லாத ஏழைகள் தேசத்திலேயே இருக்கலாம்; போகிறவர்களின் வயலும் திராட்சைத் தோட்டமும் அவர்களுக்கு. பெலத்தியா அதற்குள் சங்கிலியில் இருந்தான். எனக்கு முன்னால் சிபியாள் நின்றாள்.

யார் நீ என்று கல்தேயருக்கு மொழிபெயர்க்கிற துபாஷி கேட்டான்.

"ஆனான் மக சிபியாள். வீடில்ல, அடுப்பில்ல. நான் யாருக்கும் சொந்தமில்ல."

அவன் தலையசைத்தான். போகச் சொல்லக் கையைக்கூடத் தூக்கிவிட்டான். அப்போது காற்றில் அவள் முக்காடு விலகியது. காதிலிருந்த குத்தூசித் துளையைப் பார்த்தான். எங்கள் வழக்கங்களை அவன் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தான். எந்த வீட்டு ஆள் என்று கேட்டான்.

நான் முன்னால் போய் விழுந்தேன். "அவ சம்மதிச்சுக் குத்துனதில்லீங்க. நான்தான் சாட்சி. பொய் சொல்லிட்டேன்."

துபாஷி சிரித்தான். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

அவளைப் பெலத்தியாவின் பின்னால் கட்டினார்கள்.

இங்கே வந்த முதல் வருஷம், காலில் விலங்கோடு மண் சுமந்துகொண்டிருந்த பெலத்தியா அவளிடம், "உன்ன விட்டுட்டேன் சிபியா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவள் தன் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே, "எங்க போறது ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. மத்தியானத்தில் எல்லோரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து ராஜாவைத் திட்டும்போது அவள் மட்டும் சேர்வதில்லை. நேற்று நானும் கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டு, நீ ஏன் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று அவளைக் கேட்டேன். அப்பத்தைப் பிட்டு என் பங்கை என்னிடம் நீட்டினாள்.

"ராஜாவ நான் பார்த்ததே இல்லையே அக்கா" என்றாள்.