நாற்பத்தொரு பேரில் ஒருத்தி

வைஜெயந்தி அந்தப் படத்தைப் பார்த்தபோது ஆபீசில் தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். டாலிகஞ்ச் பகுதிப் பெற்றோர்கள் நாற்பத்தொரு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில், மகளை ஆட்டோவில் அனுப்பும் சிவபிரகாஷ் போட்டிருந்தார். பள்ளிக்கூட வாசலில் ஆட்டோக்காரர் ஆசிம் பிள்ளைகளுக்கு நேராக மொபைலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே, "தினமும் நம்ம பிள்ளைங்கள போட்டோ எடுக்கிறான். யாருக்கு அனுப்புறான்?" என்று எழுதியிருந்தது.

யாருக்கு என்று வைஜெயந்திக்குத் தெரியும். அவளுக்குத்தான்.

கணவன் குணாவுக்குக் கப்பலில் வேலை. மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். அவள் வேலை பார்ப்பது அபர்டீன் பஜாரில். மழைக்காலத்தில் ஒருநாள் ஆட்டோ வழியில் நின்றுபோய், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சங்கவி பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று தெரியாமல் அவள் தவித்துப்போனாள். அன்றைக்கே ஆசிமுக்கு, "இறக்கிவிட்டதும் ஒரு போட்டோ அனுப்பிடுங்க தம்பி" என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து அவர் தன் ஆட்டோவில் வரும் ஆறு பிள்ளைகளையும் வாசலில் நிற்கவைத்து எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று தட்டினாள். அதற்குள் படத்துக்கு அடியில் கட்டைவிரல்கள் ஏறிக்கொண்டே போயின. பன்னிரண்டு. பதினேழு. 'சபாஷ் பாய்' என்றார் ஒருவர். 'போலீஸ்ல குடுக்கணும்' என்றார் இன்னொருவர். இத்தனை பேர் சொல்கிறார்களே, நமக்குத் தெரியாமல் வேறு ஏதாவது இருக்குமோ என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றிவிட்டது. தட்டியதை அழித்தாள். வேறு யாராவது கேட்பார்கள் என்று முத்திரையைக் கையில் எடுத்தாள்.

யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் நாலு அப்பாக்கள் ஆட்டோவை மறித்துப் பிள்ளைகளை இறக்கிக்கொண்டார்கள். சங்கவி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். "ஆசிம் அங்கிள் சட்டையப் பிடிச்சு இழுத்தாங்கம்மா."

வைஜெயந்தி ஆசிமுக்குத் தான் முன்பு அனுப்பிய செய்தியை அப்படியே குரூப்பில் போட்டு, "கேட்டது நான். படங்கள் வந்தது எனக்கு. அவர்மேல் தப்பில்லை" என்று எழுதினாள். பிறகு, "குணா பாய் கப்பல்ல இருக்காரே, இதெல்லாம் அவருக்குத் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டார். அதற்கும் நாலு பேர் சிரித்தார்கள். சிவபிரகாஷ் போன் செய்தார்.

"சோடோ மேடம், விடுங்க. அந்த மெசேஜ டெலிட் பண்ணிடுங்க. உங்க மரியாதைக்குத்தான் சொல்றேன்."

"என் மரியாதைய நான் பாத்துக்கிறேன். நீங்க போட்ட படத்துக்கு நீங்க பதில் சொல்லுங்க."

பத்தே நிமிஷத்தில் அவளைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் லீவு போட்டாள். வீடு வீடாக ஏறினாள். முதலில் விஜயலட்சுமி. அவள் பையனும் அதே ஆட்டோதான்.

"நீ நம்புறியா விஜயா?"

"ச்சே, ஆசிம் பாயப் பத்தி எனக்குத் தெரியாதா? ஆனா எல்லாரும் சொல்றப்ப நான் மட்டும் எப்படிக்கா..."

அடுத்த வீட்டிலும் அதுதான். அதற்கடுத்த வீட்டிலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு அதையேதான் சொன்னார்கள். கட்டைவிரல் போட்ட பன்னீர்செல்வம், "எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்" என்று தலையைச் சொறிந்தார்.

"எல்லாரும்னா யாரு சார்? பதினொரு வீடு ஏறிட்டேன். அந்த எல்லாரும் இன்னும் ஒரு வீட்லயும் கிடைக்கல."

வைஜெயந்தி விடவில்லை. "என்னைத்தான் தூக்கிட்டாங்க. நீங்க உள்ளதான இருக்கீங்க? எங்கிட்டச் சொன்னத அங்க எழுதுங்க."

அன்று மதியம் முதலில் எழுதியது விஜயலட்சுமிதான்: "நானும் நம்பல." அதற்குக் கீழேயே அடுத்தடுத்து ஏழு பேர் எழுதினார்களாம். ஆளாளுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவளுக்கு அனுப்பிவைத்தார்கள். சிவபிரகாஷ் அந்தப் போட்டோவை மட்டும் நீக்கினார்.

வைஜெயந்தி நேராக அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். "அழிச்சாப் போச்சா? சட்டையப் பிடிச்சது தெருவுல. பேரக் கெடுத்தது நாப்பத்தொரு பேர் முன்னாடி. மன்னிப்பும் அந்த நாப்பத்தொரு பேர் முன்னாடிதான்."

"ஒரு ஆட்டோக்காரனுக்காக இவ்வளவு தூரமா?"

"ஆமா. இன்னும் தூரம் போவேன்."

மறுநாள் காலை ஆட்டோவில் மூன்று பிள்ளைகள் ஏறினார்கள். சங்கவியோடு வைஜெயந்தியும் ஏறிக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்கப் பள்ளிவரை போனாள். அடுத்த வாரம் சிவபிரகாஷின் மனைவி தன் மகளோடு வந்து நின்றபோது ஆசிம் கை கூப்பினார். "பாப்பா மேல கோவமில்ல பாபிஜி. சார் அந்தக் குரூப்ல ஒரு வரி எழுதட்டும், நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

ஒன்பதாம் நாள் 'கல்தி ஹோ கயி, ஸாரி' என்று, தப்பு நடந்துவிட்டதாகச் சிவபிரகாஷிடமிருந்து குரூப்பில் ஒரு வரி வந்தது. வைஜெயந்தியைத் திரும்பச் சேர்க்கட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்றுவிட்டாள்.

அவளுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பள்ளி வாசலில் ஆசிமிடம் சொன்னாள்: "அன்னைக்குக் காலையிலயே பாத்துட்டேன் தம்பி. எழுதி அழிச்சிட்டேன். சாயங்காலம்தான் பேசினேன்."

பரவாயில்லை என்பார் என்றுதான் நினைத்திருந்தாள். அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "காலையில சொல்லியிருந்தா என் சட்ட கிழிஞ்சிருக்காதுக்கா" என்றார்.

"ஆமா," என்றாள் வைஜெயந்தி. சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பஜாருக்குப் போகும் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.