அப்பாவுக்கு வைத்த வாய்ப்பன்

படையல் எப்படிச் செய்வது என்று யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள். எட்டு வயதில், ஒரு சனிக்கிழமை, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தனியாகவே ஒன்றைச் செய்து முடித்தவள் நான். ஐயர் இல்லை, பெரியவர்கள் இல்லை, அடுப்புக்கூட மூட்டவில்லை. இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன நிகழ்ச்சி வைப்பதற்குக் குழு போட்டு, குழுவுக்குள் சண்டை பிடித்து, கடைசியில் ரோல்சும் சோடாவும் மட்டும் மிஞ்சுகிறபோது, அந்த எட்டு வயதுக்காரியை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்படுவேன்.

எங்கள் உருத்திரபுரத்தில் படையல் என்றால் இதுதான்: செத்துப்போனவரின் திவசத்தன்று அவருக்குப் பிடித்த சாப்பாடு எல்லாவற்றையும் சமைத்து, வாழையிலையில் போட்டு, அவருடைய படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். ஆள் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார். பிறகு கதவைத் திறந்து நாங்கள் சாப்பிடுவோம். பிள்ளைகளைப் பொறுத்தவரை இதற்குப் பக்கத்தில் தீபாவளியே நிற்க முடியாது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீடு. பெரியப்பா நெஞ்சு நோவில் போனவர். அவருடைய இலையில் கணவாய்ப் பொரியல், ஆட்டிறைச்சிக் கறி, அவித்த முட்டை, குழல் புட்டு, சீனி அரியதரம் எல்லாம் இருக்கும். ஒரு போத்தல் பியரும் ஒரு சிகரெட்டும்கூட இருக்கும். பெரியப்பா உயிரோடு இருந்த காலத்தில் அந்தப் போத்தலை ஒளித்து வைப்பதே பெரியம்மாவின் முழுநேர வேலை. இப்போது பெரியம்மாவே மூடியைத் திறந்து, படத்துக்குக் கிட்டத் தள்ளி வைப்பார்.

இலையின் நடுவில் வாய்ப்பன். கனிந்த வாழைப்பழத்தை மாவோடும் சீனியோடும் பிசைந்து, உருட்டி, எண்ணெயில் பொரித்தெடுப்பது. அதைப் பொரிப்பது எப்போதும் என்னுடைய அம்மாதான். அம்மாவின் வாய்ப்பனுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் மட்டும் செய்யமாட்டார். கேட்டால், "செய்வம் பிள்ளை, அப்பா வரட்டும்" என்பார்.

எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். நாட்டில் சண்டை முடிந்த நேரம், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன ஆமிக்காரர் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. எனக்கு அப்போது நடக்கவே தெரியாது. எனவே அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய சாப்பாடுதான். அம்மா சமைக்கும்போது சட்டியோடு கதைப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருப்பார். "உங்கட அப்பாவுக்குப் புட்டு உதிரி உதிரியா இருக்கோணும். சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி கூட விடோணும். வாய்ப்பன் பொரிக்கிற நாளெண்டால் மனிசன் குசினியை விட்டு அசையாது." முகத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன். குரல் தெரியாது. வாய் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஆள், என்னுடைய அப்பா.

இன்னொன்றும் உண்டு. இரவில் சாப்பாடு போடும்போது அம்மா எங்கள் இருவருக்கும் போட்டுவிட்டு, மூன்றாவதாக ஒரு பீங்கானிலும் போட்டு, இன்னொரு பீங்கானால் மூடிக் குசினிச் சுவர்த் தட்டில் ஏற்றி வைப்பார். விடிய அதை எடுத்து, நின்ற நிலையிலேயே வெறும் தேத்தண்ணியோடு தின்றுவிட்டு, கண்ணாடியைப் பார்த்துக் குங்குமம் வைத்துக்கொண்டு, ஆடைத் தொழிற்சாலை பஸ்சுக்கு ஓடுவார். அம்மாவுக்குச் சமையலில் அளவு தெரியாது என்பது என்னுடைய அன்றைய முடிவு. ஒவ்வொரு நாளும் மிஞ்சினால் வேறென்ன நினைப்பது?

அந்த வருடப் படையலன்று, சாத்திய கதவுக்கு வெளியே நானும் பெரியம்மாவின் மகனும் நின்றோம். என்னைவிடச் சில மாதம்தான் மூப்பு. அதற்காக அண்ணா என்று கூப்பிடச் சொல்லி உயிரை எடுப்பான்.

"எங்கட அப்பா இப்ப கணவாய் சாப்பிடுறார்," என்றான்.

"முதல்ல முட்டையாத்தான் இருக்கும்."

"உனக்கென்னடி தெரியும்? கணவாய்தான்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். "உங்கட அப்பாவுக்கு ஏன் நீங்கள் ஒண்டும் வைக்கிறேல்ல?"

"அம்மாவுக்கு நேரமில்லை. வேலைக்குப் போறவா."

"அப்ப அந்தாள் இவ்வளவு காலமும் பட்டினியோ?"

கேலிக்குக் கேட்டிருந்தால் ஓர் அடி போட்டிருப்பேன். அவன் உண்மையாகவே கவலைப்பட்டான். "பாவமடி. எங்கட அப்பா சாப்பிடேக்க உங்கட அப்பா பக்கத்தில நிண்டு பார்த்துக்கொண்டு இருப்பார்."

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. கதவைத் திறந்தார்கள், பந்தி வைத்தார்கள், எல்லோரும் ஆளுக்கொரு கதை சொல்லிச் சிரித்தார்கள். "என்ன பிள்ளை, கொறிக்கிறாய்? வடிவாச் சாப்பிடு," என்று பெரியம்மா இறைச்சியை அள்ளிப் போட்டார். அவ்வளவு சனத்துக்கு நடுவில் இருந்துகொண்டு, கதவுக்குப் பக்கத்தில் பசியோடு நிற்கும் ஓர் ஆளை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஏன் வரவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. இலை போட்டால்தானே வருவார்? இலை போடாத வீட்டுக்கு எந்த ரோசமுள்ள மனிதன் வருவான்?

என் பங்குக்குக் கிடைத்த வாய்ப்பன் இரண்டையும் தின்னாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இதை ஒரு சாதாரண விடயமாக வாசித்துவிட்டுப் போகாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற சாமான்.

மறுநாள் சனிக்கிழமை, அம்மாவுக்கு அரைநாள் வேலை. "கதவைத் திறவாதை, கிணத்தடிக்குப் போகாதை, அடுப்பில கை வைக்காதை," என்றுவிட்டுப் போனார். சனிக்கிழமைகளில் அந்த வீடு எனக்கு மிகவும் பெரிதாக இருக்கும். ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பார்ப்பேன். சத்தமாகப் பாடம் வாசிப்பேன். வளர்த்த கோழிகளையும் கீரி கொண்டுபோய்விட்டதால், நான் கதைத்தால் கொக்கரிப்பதற்குக்கூட ஆளில்லை.

அன்றைக்கு அப்படியில்லை, வேலை இருந்தது. வாழையில் எட்டிய இலையைப் பிய்த்தேன். கோணலாகத்தான் வந்தது. சுவரிலிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றிக் கதிரையில் சாய்த்து வைத்தேன். பெரியப்பாவின் படத்தில் மாலையும் பொட்டும் உண்டு. அப்பாவின் படம் வெறுமனே இருந்தது. இதற்கும் அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லையாக்கும் என்று செவ்வரத்தம்பூவை நூலில் கோத்துப் போட்டேன். சந்தனம் குழைத்துக் கண்ணாடிமேல் வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். காலைப் புட்டை விரலால் உதிர்த்து உதிர்த்து இலையில் போட்டேன். சம்பலுக்குத் தேசிக்காயைப் பிழிந்தேன், கொட்டையோடு. பியருக்குப் பதில் தேசிக்காய்த் தண்ணி. அப்பா சிகரெட் பத்துவாரோ தெரியாது, எதற்கும் இருக்கட்டும் என்று கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டி ஒன்று வைத்தேன்.

வாய்ப்பனில்தான் ஒரு சிக்கல். அது ஏற்கெனவே பெரியப்பா சாப்பிட்டது. படையலுக்கு வருகிறவர்கள் உருசியை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டை விட்டுவிட்டுப் போவார்கள் என்று பெரியம்மா சொல்லியிருந்தார். மிச்சம் என்ன இருக்கும்? நன்றாக யோசித்து, சீனி டின்னைத் திறந்து மேலே கொஞ்சம் தூவிவிட்டேன். போன உருசி திரும்பியிருக்க வேண்டும்.

கதவைச் சாத்திவிட்டு வாசல்படியில் வந்து இருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ சரசரத்தது. பல்லியாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"வாய்ப்பனை முதல் சாப்பிடாதேங்கோ அப்பா," என்றேன் கதவைப் பார்த்து. "புட்டு அப்பிடியே கிடக்கும்." பெரியம்மா வீட்டுப் பந்தியில் அம்மா எனக்குச் சொல்வது. பிறகு பள்ளிக்கூடத்துக் கதைகள் சிலதும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சாப்பிடும்போது கதைக்கக் கூடாது என்று வளர்ந்த மனிதராக்கும். பரவாயில்லை. வீட்டுக்குள் ஓர் ஆள் இருக்கிறார், நான் வெளியே காவல் இருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை வீடு சரியான அளவில் இருந்தது.

அம்மா சந்தியில் இறங்கி வெயிலுக்குள் நடந்து வந்தார். படலையைத் திறக்கும்போதே, "ஏன்டி வெயிலுக்கை இருக்கிறாய்?" என்றார்.

நான் வாயில் விரலை வைத்தேன். "சத்தம் போடாதேங்கோ அம்மா. உள்ளுக்கை அப்பா சாப்பிடுறார்."

அம்மா ஓடினார். கையிலிருந்த பை விழுந்தது, சாப்பாட்டுப் பெட்டி உருண்டது, ஒரு செருப்பு கழன்று முற்றத்தில் கவிழ்ந்தது. என்னைத் தாண்டிப் போய்க் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தார். அப்படியே நின்றார்.

நானும் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். இலை வைத்தபடியே இருந்தது. சீனியில் எறும்பு ஏறியிருந்தது.

"பூ ஆர் போட்டது?" என்று அம்மா கேட்டார்.

"நான்தான்."

"பொட்டு?"

"அதுவும் நான்தான்." பாராட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா நிலத்தில் இருந்து, மாலையைக் கழற்றினார். சட்டை ஓரத்தால் பொட்டைத் துடைத்தார். சந்தனம் முழுக்கப் போன பிறகும் துடைத்துக்கொண்டேயிருந்தார். "அப்பாவுக்கு இப்பிடி வைக்கக் கூடாது பிள்ளை. அவர் வருவார். வந்து எங்களோட இருந்துதான் சாப்பிடுவார்." பிறகு இலையிலிருந்த புட்டையும் சம்பலையும் வழித்து ஒரு பீங்கானில் போட்டு, ஒரு வாய்ப்பனையும் எறும்பு தட்டி அதன்மேல் வைத்து, இன்னொரு பீங்கானால் மூடி, குசினித் தட்டில் வழக்கமான இடத்தில் ஏற்றி வைத்தார். மற்ற வாய்ப்பன் என் கைக்கு வந்தது.

அடியும் விழவில்லை, ஏச்சும் விழவில்லை. அம்மா வாசல்படியில் வந்து இருந்துகொண்டு படலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு இன்னும் வாங்கியது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா, பசிக்குதோ?"

என்னைப் பார்த்தார். "ஓம் பிள்ளை," என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலை செய்த இடத்தில் சாப்பிட நேரம் கிடைத்திருக்காது. சாப்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் மனுசி செருப்பையும் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். நான் போய்க் கவிழ்ந்து கிடந்த செருப்பை எடுத்துவந்து மற்றதோடு சோடி சேர்த்து வைத்தேன். பிறகு என் வாய்ப்பனைப் பாதியாகப் பிய்த்து, சீனி கூடின பக்கத்தை அம்மாவின் வாய்க்குள் வைத்தேன்.

"இனிப்பாயிருக்கோ?" என்று கேட்டேன். அம்மா தலையை ஆட்டினார். விழுங்கத்தான் வெகுநேரம் எடுத்தது.