தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

காமயகவுண்டன்பட்டியில் மாயக்காளுக்கு வசவுக்காரி என்று பெயர். ஊரையெல்லாம் வைகிறவள் அல்ல. பெற்ற மகளை மட்டுந்தான் வைவாள். விடிந்ததும் "எந்திரிடி மூதேவி" என்று தொடங்கினால் விளக்கு வைக்கும் வரை கழுதை, குப்பை, தரித்திரம் என்று ஒன்று மாற்றி ஒன்று விழும். புருஷன் கருத்தக்கண்ணன் கம்பத்துக்கு நெல்மூட்டை வண்டி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். அவனே ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஒரு நேரமாச்சும் பிள்ளைய நல்ல வாக்குச் சொல்லிக் கூப்புடேன்டி" என்றான்.

"மெல்லப் பேசுங்க. காதுல விழுந்துரப் போகுது."

யார் காதில் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கும் தெரியும்.

முதல் பிள்ளையை அவள் ராசா என்றுதான் கூப்பிட்டாள். அடுத்தவள் பவுனு. அதற்கடுத்தது, பெயர் வைக்கும் முன்பே தங்கம் ஆகிவிட்டது. மூன்றையும் மலைக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்தப் பக்கம் காய்ச்சல் நுழையாத வீடு கிடையாது. கொய்னா மாத்திரையை விழுங்கிப் பிழைத்தவர்களும் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு. மாயக்காள் மனதில் விழுந்தது மட்டும் வேறு. ஆசை ஆசையாய்க் கூப்பிட்டு, இங்கேதான் இருக்கிறது என்று சாவுக்கு நாமே கைகாட்டிவிட்டோம்.

நாலாவது பிறந்தபோது பக்கத்து வீட்டு அக்கம்மாள் ஒரு வழி சொன்னாள். பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். அக்கம்மாள் தற்செயலாய் வருகிறவள் போல வந்து கண்டெடுத்தாள். மாயக்காள் ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கினாள். பெற்ற பிள்ளை இல்லை, மாட்டுத் தவிட்டுக்கு வந்த பண்டம் என்று தெரிந்தால் தேடிவருகிற சாவு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிடும். தவிட்டம்மாள் என்று பேரும் வைத்து மூக்கும் குத்தியாயிற்று. அந்தக் கதையைக் கேட்டேதான் பிள்ளையும் வளர்ந்தாள்.

வாயைக் கட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. தலைக்கு ஊற்றும்போது, தூங்குகிற முகத்தைப் பார்க்கும்போது, "ரா" என்று தொண்டைவரை வந்துவிடும். பதறிப்போய் "ராங்கி" என்று முடிப்பாள். "த" என்று வந்தால் தரித்திரம். பாதிச் சொல்லைச் சாவு கேட்டிருக்குமோ?

இப்படியே பிள்ளைக்கு ஏழு வயதாகிவிட்டது. அந்த ஐப்பசியில் ஒருநாள் எதிர்வீட்டுப் பஞ்சம்மாள் வாசலில் உட்கார்ந்து தன் மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். "தலைய ஆட்டாத என் செல்லமே, கிளியே" என்று கொஞ்சல் வேறு. தவிட்டம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து கேட்டாள்.

"ஆத்தா, என்னயும் ஒருக்கா அப்படிக் கூப்புடேன்."

மாயக்காள் பதறி வாசலைப் பார்த்தாள். பிள்ளை கேட்டதை அமுக்கத்தான் குரல் அப்படி எழும்பியிருக்க வேண்டும்.

"தவிட்டுக்கு வாங்கின கழுதைக்குச் செல்லம் கேக்குதோ! போடி அங்கிட்டு!"

பிள்ளை அழவில்லை. அதை மாயக்காள் அப்போது கவனிக்கவில்லை. மதியம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனபோதுதான் தவிட்டுப் பானை திறந்து கிடந்ததைப் பார்த்தாள். சின்னக் கை அள்ளிய தடம் பள்ளமாய்த் தெரிந்தது. பிள்ளையைக் காணோம்.

"உம்மகளா?" என்றாள் பஞ்சம்மாள். "அக்கம்மா அத்தை எங்கன இருக்காகன்னு கேட்டா. ஆத்துக்கு அக்கரையில மகன் தோட்டத்துலன்னு சொன்னேன். தவிட்டைத் திருப்பிக் குடுத்துட்டு அவுககிட்டயே இருந்துக்கிறாளாம். என்ன பேச்சுப் பேசுது பாரு!"

பஞ்சம்மாள் சிரித்து முடிக்குமுன் மாயக்காள் தெருவைத் தாண்டியிருந்தாள்.

ஆற்றங்கரையில் வெயில் சுள்ளென்று அடித்தது. சொட்டு மழையில்லை. ஆனால் ஆறு செந்நிறமாய் மாறியிருந்தது. மலையில் பெய்து மேலே அணையைத் திறந்துவிட்டால் இப்படித்தான், காய்கிற வெயிலிலேயே வெள்ளம் வரும். மாடு மேய்க்கிற பலவேசம் குளிப்பாட்டிய மாடுகளை அவசரமாய்க் கரையேற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எம்மகளப் பாத்தீகளா?"

"மடியில என்னமோ கட்டிக்கிட்டு இறங்குனாளே! அக்கரை ஏறியிருப்பான்னுல்ல நெனச்சேன்."

அக்கரையில் மனித நடமாட்டமே இல்லை. நடுவில் மணல்திட்டும், அதில் ஆளுயரத்துக்கு அடர்ந்த நாணலுந்தான். நாணலின் ஒரு பக்கம் காற்றில்லாமல் அசைந்தது.

"ஏ தவிடு! வாடி இங்கிட்டு! ஏ மூதேவி!"

அசைவு நின்றுவிட்டது. பிள்ளை ஒளிகிறாள் என்பது மாயக்காளுக்குப் புரிந்தது. அடிக்கத்தான் ஆத்தா வந்திருக்கிறாள் என்று உள்ளே உள்ளே போகிறாள். திட்டின் ஓரத்து மணல் பொதுக்கென்று சரிந்து தண்ணீரில் கரைந்தது.

"எங்கனன்னு தெரிஞ்சா ஒரே ஓட்டமா தூக்கிருவேன் தாயி" என்றான் பலவேசம், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி. "நாணலுக்குள்ள தேடிக்கிட்டிருக்க நேரமில்ல. எந்திரிச்சு நிக்கச் சொல்லு! நல்லவிதமாக் கூப்புடு!"

நல்லவிதமாக. மாயக்காள் வாயைத் திறந்தாள். மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்ட வாய். கூப்பிட்டால் அது கேட்கும். கூப்பிடாவிட்டால் ஆறு கொண்டுபோகும். "ரா..." என்றாள். பழக்கத்தில் நாக்கு மடங்கப் பார்த்தது. மடங்க விடவில்லை.

"ராசாத்தீ! என் தங்கமே! ஆத்தாகிட்ட வந்துரு சாமீ!"

ஆறு பூராவும் கேட்டது. நாணலுக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. பிள்ளை மிரண்ட கண்ணோடு, தன்னைத்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் பலவேசம் திட்டேறிப் பிடித்துவிட்டான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் கரையேறியபோது தண்ணீர் அவன் நெஞ்சைத் தொட்டிருந்தது.

மாயக்காள் பிள்ளையை அணைக்கவில்லை. மடியை அவிழ்த்துப் பார்த்தாள். தவிடு ஈரத்தில் கூழாகிக் கிடந்தது. சத்தம் கேட்டு அக்கரையில் அக்கம்மாள் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு வெறி பிடித்தாற்போலாயிற்று.

"மதினீ! இந்தக் குப்பைய எனக்குத் திரும்ப விக்கிறீகளா?"

அக்கம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன கேக்குறா இவ?" என்பதுபோல் காதில் கைவைத்தாள்.

"வாய் தவறிக் கூப்புட்டேன் மதினீ! கேட்டுருக்கும்! சீக்கிரம் வித்துருங்க!"

அக்கம்மாளுக்கு உறைத்தது. ஆற்றிரைச்சலுக்கு மேல் கத்தினாள். "நீயே எடுத்துக்க! அந்தச் சளிமூக்கு எனக்கெதுக்கு? தவிட்டைப் போடு!"

மாயக்காள் ஈரத்தவிட்டை அள்ளி ஆற்றில் வீசினாள்.

"வந்துருச்சா மதினீ?"

"வந்துச்சு, வந்துச்சு! உமிதான் சாஸ்தி! ஏமாத்துறியே!"

பலவேசம் துண்டைப் பிழிந்துகொண்டே சிரித்தான். மாயக்காள் சிரிக்கவில்லை. சாட்சிக்கு அவனையும் சொல்லவைத்தாள். "ஆமா, பாத்தேன். வாங்குன சரக்குத்தான்" என்று அவன் மலையைப் பார்த்துச் சத்தமாய்ச் சொன்ன பிறகே அங்கிருந்து நகர்ந்தாள்.

வரப்பில் நடக்கும்போது பிள்ளை பின்னாலிருந்து சேலையை இழுத்தாள்.

"ஆத்தா, அப்பச் சொன்னியே, அதை இன்னொருக்கா சொல்லு."

மாயக்காள் சட்டென்று நின்று நாலு பக்கமும் பார்த்தாள். குனிந்து, சேலைத் தலைப்பால் பிள்ளையின் ஈரத்தலையைத் துவட்டினாள். துவட்டுகிற சாக்கில் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். குளிர்ந்துதான் இருந்தது. என்றாலும் கையை எடுக்கவில்லை.

"ரா..." என்றாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே நின்றது. "ராங்கி. வாயை மூடிக்கிட்டு நட."

பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். மூடின வாய்க்குள் சிரிப்பு.